பூசணம் பிடித்த இடம்

"பொண்ணு இங்க இருக்கா. பையன் எங்க சார்?" என்று கேட்டார் குடிமக்கள் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி.

அவர் நீட்டிய திரையில் எங்கள் குடும்பப் படம் இருந்தது. மகள் ஷைனியின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்தது. தூத்துக்குடிக் கடற்காற்றில் அதன் ஓரம் பூசணம் பிடித்துவிட்டதால், பழைய படங்களைப் புதுப்பிக்கும் செயலியில் போன வாரம் ஏற்றியிருந்தேன். பூசணம் போய்விட்டது. அந்த இடத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அச்சு அசலாக என் மூக்கு. இப்போதெல்லாம் புதுப்பித்த படங்கள் தாமாகவே அரசுப் பதிவில் சேர்ந்துவிடுகின்றன.

"அது செயலியா போட்ட பையன்மா. எங்களுக்கு ஒரே பிள்ளதான்."

"அப்போ பழைய படத்தக் காட்டுங்க சார், முடிஞ்சிரும்."

எனக்கு உயிர் வந்தது. "லூர்து, அந்தப் படத்த எடுத்துட்டு வா."

என் மனைவி தயங்கித் தயங்கி வந்தாள். "பூசணமா இருக்கேன்னு ஈரத்துணியால தொடச்சேங்க. படமும் சேந்து வந்துட்டு."

அவள் நீட்டிய படத்தில் நாங்கள் மூவரும் அப்படியேதான் இருந்தோம். என் விரலுக்குக் கீழே மட்டும், ஒரு சிறுவனின் உயரத்துக்கு, வெள்ளைத் தாள் தெரிந்தது.

அதிகாரி அதைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "இந்த எடத்த மட்டும் ஏன் சார் அழிச்சீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், கல்லூரிக்குக் கிளம்பி நின்ற ஷைனி படத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன என்னப்பா செஞ்சீங்க?"