கையால் ஒரு பகிடி

பரீட்சை அறைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார் கனகேந்திரன், முப்பது வருடமாகப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவர். உள்ளே மகள் சாருஜா. வாசிக்கும்போது எழுத்துகள் இடம்மாறித் தெரியும் பிள்ளை. பட்டத்துக்குக் கட்டாயமான வேற்றுமொழிக்குப் பிரெஞ்சு எடுத்து மூன்று முறை தவறியவள். அதற்குப் பதிலாகச் சைகைமொழி எடுக்கலாம் என்று கல்லூரி இறங்கி வந்திருக்கிறது. ஜன்னல் வழியே வரும் வெள்ளவத்தைக் கடலின் வெளிச்சத்தில் அவளுடைய விரல்கள் ஓரிடத்திலும் தடுக்காமல் பறக்கின்றன. காது கேளாத பரீட்சகர் திடீரென்று மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்.

"என்ன சொன்னவள்?" பக்கத்தில் நிற்கும் மகளின் சைகைமொழி வகுப்புத் தோழியிடம் கேட்கிறார் கனகேந்திரன்.

"உங்களைத்தான் பகிடி பண்ணுறாள், அங்கிள். சாப்பாட்டுக் கடை மெனுவிலயும் சிவப்புப் பேனையால பிழை திருத்துவீங்களாம்."

அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார். அந்தக் கைகளில் ஒரு சொல்கூட அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை.