கட்டில் வரை எட்டும் வயர்

"ஒரு மீட்டர் வயரே தாராளம் தம்பி. போனுக்குத்தானே சார்ஜ் போடப் போறா, பம்புசெட்டுக்கா?"

ராஜபாளையம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த நிஜாமின் மொபைல் கடையில், போட்ட நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு ரஹ்மத்துன்னிசா சொன்னாள். பக்கத்தில் நின்ற மருமகள் அஸ்ஃபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியைக் கண் டாக்டரிடம் காட்ட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூட்டி வந்தவள், திரும்பும்போது இந்தக் கடையில் நுழைந்தே தீருவது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தாள்.

"இல்லண்ணே, மூணு மீட்டர் எடுங்க. இழுத்தாலும் அறாததா, சீக்கிரம் சார்ஜ் ஏறுததா இருக்கணும்."

அவளுடைய போனுக்கு வயசாகிவிட்டது. வயரில் மாட்டியிருந்தால்தான் பேச்சு. உருவினால் 'ஹலோ' சொல்வதற்குள் அணைந்துவிடும். வீட்டில் பிளக் பாயிண்ட் இருப்பதோ ஹாலில் மட்டும். கல்யாணம் முடிந்த கையோடு துபாய்க்குப் போய்விட்ட கணவன் நவாஸ் தினமும் ராத்திரி கூப்பிடுவான். சார்ஜில் கிடக்கிற போன் கொதிக்கும், காதில் வைக்க முடியாது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். பக்கத்து சோபாவில் மாமி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணி அங்கே உருளும், காது இங்கே இருக்கும்.

அப்புறம் புருஷனிடம் என்னத்தைப் பேச? 'சாப்பிட்டியளா, தூங்குனியளா' என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி விசாரித்துவிட்டு வைக்க வேண்டியதுதான். மனசில் இருப்பதில் ஒரு வார்த்தை வெளியே வராது.

மகனோடு பேச ஆசைப்படுகிறாளோ என்று ஆரம்பத்தில் போனை நீட்டியும் பார்த்தாள். "எங்கிட்ட காலையிலேயே பேசிட்டான், நீ பேசு" என்று மாமி கையை ஆட்டிவிடுவாள். காலையில் மாமியின் பட்டன் போனுக்கு அவன் கூப்பிடுகிறானாம். ஆனாலும் சோபாவை விட்டு மட்டும் எழுந்திருக்க மாட்டாள்.

நிஜாம் வயர்களை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டான். அவன் நவாஸின் பழைய கூட்டாளி.

"நீளம் கூடக்கூட உள்ள இருக்குற செம்பும் தடிமனா இருக்கணும் பெரியம்மா. இல்லேன்னா சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும். இந்தா, இது நல்ல கனம். மேல நூல் பின்னிருக்கு, கழுத்துப் பக்கம் மடங்கி அறாது."

"நீளமா இருந்தா கால்ல சிக்கும். நான் விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்குறது?"

"செவத்தோரமா போட்டுக்கிடுதேன் மாமி."

"வேகமா ஏறுனா சூடாகும். கட்டில்ல வச்சி வெடிச்சிட்டா?"

"கட்டில்லன்னு நான் சொல்லவே இல்லையே மாமி."

ரஹ்மத்துன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிஜாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீட்டுல எம்புட்டு தூரம் வரும் தங்கச்சி?" என்றான்.

அஸ்ஃபியா பர்ஸைத் திறந்து ஒரு தையல் நூலை எடுத்து நீட்டினாள். நிஜாம் வயரை விரித்து நூலோடு வைத்துப் பார்த்தான். எட்டியது, ஒரு சாண் மிச்சமும் இருந்தது.

"ஏட்டி, இத எப்ப அளந்த?"

"நீங்க தொழுதுக்கிட்டு இருக்கும்போது."

பேச்சை மாற்ற நினைத்தவன் போல நிஜாம், "நவாஸ் எப்படி இருக்கான் பெரியம்மா?" என்று கேட்டான்.

"இன்னைக்குக் காலைலகூட பேசுனானே. சளி பிடிச்சிருக்காம். ரூம்ல கூட இருக்கிறவன் கசாயம் வச்சிக் குடுத்தானாம்."

அஸ்ஃபியாவுக்கு எரிச்சல் கூடியது. சளியையும் கசாயத்தையும் அவன் நேற்று ராத்திரியே அவளிடம் சொல்லியிருந்தான். ஆக, உம்மாவிடம் எல்லாவற்றையும் தனியாக ஒரு தடவை ஒப்பிக்கத்தான் செய்கிறான். அதுவும் போதாமல் மருமகளுக்கு வருவதிலும் பங்கு கேட்டால் என்ன நியாயம்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமி, உங்ககிட்டதான் அவிய தினமும் தனியா பேசுதாவள்ல. எங்கிட்டயும் செத்த நேரம் தனியா பேசட்டுமே. அது ஒரு குத்தமா?"

கடையில் நின்ற வேறு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரஹ்மத்துன்னிசா முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு, "சரி, அதையே எடுத்துக்கோ" என்றாள்.

இவ்வளவு லேசாக முடியும் என்று அஸ்ஃபியா எதிர்பார்க்கவில்லை. மாமி மனசு மாறுவதற்குள் வயரைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "பஸ் வருதான்னு பாத்துட்டு வாரேன்" என்று ரோட்டுக்குப் போனாள். ராத்திரி அவனிடம் முதலில் எதைச் சொல்வது என்று நினைக்கையில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தூரத்தில் தெரிந்ததும் மாமியைக் கூப்பிடத் திரும்பி வந்தாள். கடைப் படியில் கால் வைத்தபோது உள்ளே மாமியின் குரல் தணிந்து கேட்டது. மாமி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அவ சின்னப் புள்ள, அவ கேக்குறது நியாயந்தான் தம்பி. அந்த வயரே இருக்கட்டும். ரூம்ல பேசுறது ஹால்ல இருக்குறவளுக்குக் கேக்குற மாதிரி ஏதும் மெஷினு வச்சிருக்கியளா?"

"அது எதுக்கு பெரியம்மா? அவன்தான் காலைல உங்ககிட்டத் தனியா பேசுதானே."

"எங்க பேசுதான்? ஊர்லயே கடை வச்சிப் பொழைக்கேன்னு நின்னவன நாந்தான் பிடிவாதமா அனுப்பி வச்சேன். பிளேன் ஏறுன அன்னைக்கு எங்கிட்டப் பேச்ச விட்டவன்தான். காலைல பேசுனான், காலைல பேசுனான்னு நான் சொல்லுததெல்லாம், முந்துன நாள் ராத்திரி அவன் இவகிட்டப் பேசுனப்போ என் காதுல விழுந்தது தம்பி."