ஒரு படி கீழே

அந்தப் பைலட்டு தங்கமான மனுஷன். இத்தனை வருஷம் பிளேன் ஓட்டியும் யாரும் ஒரு குறை சொன்னதில்ல. ரிட்டயர் ஆக இன்னும் ஒரு மாசந்தான் பாக்கி. அன்னைக்குச் சாயங்காலம் இறங்கிட்டு வரும்போது, "ஆறாயிரம் அடியிலயே இருங்க, கீழ இன்னொரு பிளேன் போகுது"ன்னு ரேடியோவுல சொன்னாங்க. வாய் சரின்னுச்சு. கை என்னடான்னா ஐயாயிரத்துக்கு இறக்கிடுச்சு.

"சார், என்ன பண்றீங்க!"ன்னு பக்கத்துல இருந்த துணை பைலட்டுப் பொண்ணு அலறிட்டா.

அவருக்கே ஒண்ணும் புரியல. திருதிருன்னு முழிச்சுக்கிட்டே மறுபடி மேல ஏத்தினார். மயிரிழையில தப்பிச்சாங்க.

"யாரோ கை காட்டின மாதிரி இருந்துச்சும்மா."

"நடுவானத்துல யாரு சார் கை காட்டுவா? விசாரணையில இதைச் சொல்லிடாதீங்க, பென்ஷனும் சேர்ந்து போயிடும்."

தரையிறங்கினதும் அவர் வாசல்ல நின்னு எல்லாரையும் வழியனுப்பினார். கடைசியா, பின் வரிசையில இருந்து ஒரு அம்மா வந்தாங்க. வெளியில நல்ல வெயிலு, இவங்க துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"நல்லா இருப்பே ராசா. எத்தனை பேருக்குக் கை காட்டினேன் தெரியுமா, நீ ஒருத்தன்தான் நிறுத்தினே. பாவம், இன்னும் நிறைய பேர் அந்த மேகத்துலயே நிக்கிறாங்க."

"கடைசி வரிசை காலியாத்தானே கிளம்புச்சு?"ன்னு பணிப்பெண் முணுமுணுத்தா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தூரத்துல அடுத்த பிளேன் இறங்கிட்டு இருந்துச்சு. திடீர்னு ஒரு படி கீழ வந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, மறுபடி மேல ஏறுச்சு.