நில்லுங்க, ஒரு படம்!

“இந்த வருஷம் ஹார்லன் வேணாம்டா” என்று பீர் கிளாஸை டொக்கென்று வைத்தான் டுவைட்.

நாரிஸுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. “பள்ளிக்கூடத்துல இருந்து மூணு பேரும் ஒண்ணாத்தானே பனிமலையில சறுக்க ஸ்கீயிங் போறோம்? திடீர்னு வராதேன்னா என்ன நினைப்பான்?”

“வண்டியில இடமில்லைன்னு சொல்லு. இப்ப ரெண்டு வருஷமா அவனும் அவன் ஓட்டைக் கேமராவும்! நாம போறது ஸ்கீயிங்கா, கல்யாண ஆல்பம் எடுக்கவா? நாலு திருப்பம் இறங்கறதுக்குள்ள ‘நில்லுங்க, ஒரு படம்’னு கையைத் தூக்கிடுறான். அவன் பிலிமைத் திருகி முடிக்கறதுக்குள்ள நமக்கு விறைச்சுப் போகுது.”

“குளிர்ல பிலிம் முறிஞ்சிடுமாம். மெதுவாத்தான் திருகணுமாம்.”

“அப்ப வீட்டுலயே கம்பளி போர்த்திப் படுக்க வைக்கட்டும்!”

நாரிஸ் சிரித்துவிட்டான். டுவைட் வாயைத் திறந்தால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். போன வருஷம் ஹார்லன் சரிவில் விழுந்தபோது, கேமராவை மட்டும் ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பனிக்குக் கொடுத்தான். அதை டுவைட் ஊர் பூராவும் நடித்துக் காட்டியிருக்கிறான்.

நாரிஸ் போன் செய்து இடமில்லை என்றான். “அதனால என்ன, பத்திரமாப் போயிட்டு வாங்க” என்றானாம் ஹார்லன். அவனுக்குப் பதிலாக நாரிஸின் மச்சான் வான்ஸ் சேர்ந்துகொண்டான்.

அன்றைக்கு மலை பளீரென்று இருந்தது. லிப்டில் ஏறி உச்சிக்குப் போனார்கள். நாரிஸும் வான்ஸும் முன்னால் பறந்தார்கள். டுவைட்டும் பறந்தான். பள்ளிக்கூட நாளில் ஸ்கீயிங் போட்டியில் மொன்டானா மாநிலத்துக்கே முதலாவதாக வந்தவன், சும்மாவா?

பாதி வழியில் மூச்சு வாங்கியது. கீழே பைன் மரத்தடியில் மற்ற இரண்டு பேரும் அரட்டையடித்தபடி காத்திருந்தார்கள். டுவைட் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தான்.

“வந்துட்டியா? கிளம்பு!” என்று உடனே இறங்கிவிட்டார்கள்.

அவர்கள் இளைப்பாறியாயிற்று. மலையில் கடைசியாக வருகிறவனுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. போன இரண்டு வருஷமும் படமெடுத்துவிட்டுக் கடைசியாக வந்தவன் ஹார்லன்தான். அதனால் டுவைட்டுக்கு இது தெரியவில்லை.

அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை.

“என்ன சாம்பியன், முட்டி போச்சா?” என்று வான்ஸ் சீண்டினான்.

“உன்னைத் துரத்தினா அசிங்கமா இருக்கும்னுதான் மெதுவா வர்றேன்” என்றான் டுவைட். சொல்லும்போதே இடது தோளில் சுளீரென்றது.

புது வலி இல்லை, இதயக் கோளாறு. டாக்டருக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியும். சிநேகிதர்களுக்குத் தெரிந்தால் சாம்பியன் பட்டம் என்னாவது? பூட்ஸ் கொக்கி சரியில்லை என்று புளுகி அவர்களை அனுப்பிவிட்டு, ஒரு வழியாக அடிவாரத்து விடுதிக்கு வந்து விழுந்தான். மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டான். பயமாக இருந்தது.

போன் அடித்தது. ஹார்லன்.

குத்திக் காட்டத்தான் கூப்பிடுகிறான் என்று முந்திக்கொண்டான் டுவைட். “என்னடா, உன் கேமரா இல்லாம மலை அழுதுட்டிருக்கான்னு கேக்கப் போறியா?”

“அதை விடு. உனக்கு மூச்சு எப்படி இருக்கு? நடுவுல நிக்க விடறாங்களா?”

டுவைட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“மூணு வருஷம் முன்னால லிப்ட்ல தோளைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்துக் கொட்டினியே, பார்த்தேன்டா. நில்லுன்னு சொன்னா நீ நிக்கற ஆளா? அதான் அதுக்கப்புறம் கேமராவைத் தூக்கிட்டு வந்தேன். அது எனக்கு உசுருடா. தூறல் போட்டாக்கூட நான் அதை வெளியே எடுக்கறதில்லை.”

டுவைட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாரிஸ்கிட்டயாவது விஷயத்தைச் சொல்லிடுடா” என்றான் ஹார்லன். “சொன்னா நிப்பான், நல்லவன்தான். உனக்குக் கூச்சமா இருந்தா போனை அவன்கிட்ட கொடு, நான் சொல்றேன்.”

மன்னிச்சுடுடா என்று சொல்ல வாயெடுத்தான் டுவைட். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நாரிஸும் வான்ஸும் உள்ளே வந்தார்கள்.

“என்னப்பா, இங்கே வந்து உட்கார்ந்துட்டே?” என்றான் நாரிஸ். “யாரு போன்ல?”

“டுவைட்? டுவைட், கேக்குதா?” என்று ஹார்லன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

டுவைட் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

“ராங் நம்பர். வாங்க, இன்னொரு தடவை மேல போலாம்.”