போர்த்தாந்தே

வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். சிறிய ஜன்னலால் விழும் காலை வெயிலில் சுவர்த்தூசி மிதக்கிறது. மேலே குசினியில் யாரோ நடக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் பலகை முனகுகிறது. நடுச்சுவரில் வில்மர் சிவப்பு ஸ்பிரேயால் 'போர்த்தாந்தே' என்று ஸ்பானிஷில் எழுதுகிறார். பாரம் தாங்குவது என்று அர்த்தம். ஈக்வடோரில் கேபிள் கார் வேலை செய்தவர் அவர். அங்கே அசையாமல் நின்று பெட்டியைத் தாங்கும் கம்பிக்கும் இதே சொல்தானாம். அத்திவாரத்தின் கீழுள்ள மண்ணுக்கும், விமானத்தின் இறக்கைக்கும்கூட. "மனுசருக்கு?" என்று கேட்கிறான் கூட வேலை செய்யும் ஷாமில். வில்மர் ஸ்பிரே டப்பாவைக் குலுக்குகிறார். உள்ளே குண்டு கலகலக்கிறது. சுவரை உடைத்து, மேல்தளத்தைத் தாங்க அங்கே பீம் ஏற்ற முன்னர் இரண்டு பக்கமும் இரும்புத் தூண்கள் நிறுத்த வேண்டும் என்ற எஞ்சினியரின் கடிதம், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. கொன்ட்ராக்டர் மஸூர் அதை வரி வரியாக விரல் வைத்து வாசிக்கிறார். நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்க்கிறார். ஷாமில் இடுப்புப் பெல்டை இறுக்கிக்கொண்டு தன்னுடைய கடிதத்தை மஸூரிடம் நீட்டுகிறான்.

"நானா, ரெண்டு மாசத்துக்குப் பாரம் தூக்க வேண்டாமெண்டு டொக்டர் எழுதித் தந்தவர்."

"ஓம் தம்பி. உந்த பீமை மட்டும் ஏத்திவிட்டுப் போங்கோ."

மஸூர் கடிதத்தை விரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, கடிதத்தைச் சுவரில் வைத்து, அதன் பின்பக்கத்தில் 'பதினாறு அடி, நாலு அங்குலம்' என்று எழுதி, அவனிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

"இந்த அளவுக்கு வெட்டித் தூக்கிக்கொண்டு வாங்கோ."