ரிங் படியும் வரை

“நாப்பதத் தாண்டக் கூடாது, சொல்லிப்புட்டேன். தாண்டினா என் பட்டறைப் பக்கம் வராத.”

தங்கதுரை கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அறிவழகனின் முகம் தொங்கிவிட்டது. “அண்ணே, வண்டி இழுக்கலன்னுதான உங்ககிட்ட கொண்டாந்தேன். சிலிண்டர் போரிங் போட்டா பறக்கும்னு பாத்தா, உருட்டச் சொல்றீங்க.”

“பறக்கும்டா. இப்ப இல்ல.” மேசையில் கிடந்த வேறொரு சிலிண்டரை எடுத்து நீட்டினார். “உள்ள விரல வுட்டுப் பாரு. குறுக்கால குறுக்கால கோடு தட்டுப்படுதா? போரிங் போட்டப்புறம் ஹோனிங் கல்லால இழைச்ச கோடு. அதுலதான் ஆயில் நிக்கும். பிஸ்டன்ல மாட்டுன புது ரிங்கு அதோட ஒரசி ஒரசிப் படியணும். அதுக்குள்ள முறுக்குனியோ, கோடும் போச்சு, ரிங்கும் போச்சு. மறுபடியும் பொகை கக்கும். பொறுமையா ஓட்டுனா வருசக் கணக்குல உன்னத் தொந்தரவு பண்ணாது.”

“எப்பண்ணே படியும்?”

“படிஞ்சதும் நான் சொல்றேன். கெளம்பு.”

பக்கத்தில் நின்ற மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. கீழே குனிந்துகொண்டாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில், அவள் கணவனை யாரும் இப்படி அதட்டி அவள் பார்த்ததில்லை.

இருவருக்கும் விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை. அவன் சூளையில், அவள் கோப்பைகளுக்குப் பூச்சு கொடுக்கும் இடத்தில். கம்மாபுரத்திலிருந்து தினமும் ஒரே வண்டியில்தான் வந்து போவார்கள். இத்தனை நாளும் அவன் ஓட்டிய வேகத்தில் அவள் கண்ணைத் திறந்ததே இல்லை. ஏதாவது பேசினாலும் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். வீட்டிலோ மாமனார், மாமியார், நாத்தனார், நாத்தனாரின் பிள்ளைகள். அங்கே அவன் அவளிடம் பேசியதெல்லாம், தண்ணி குடு, துண்டு எங்க, அவ்வளவுதான்.

அன்றைக்கு வண்டி மெதுவாகப் போனது. ரொம்ப மெதுவாக. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று திணறிக்கொண்டு அவர்களைத் தாண்டியது. ஓட்டிப் போன பெரியம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏங்க, அந்தம்மா நம்பள முந்திட்டாங்க.”

“போவட்டும். அந்தம்மாவுக்கு ரிங்கு படிஞ்சிருக்கு.”

மதிவதனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “நீ இப்படிலாம் சிரிப்பியா?”

“நீங்க நின்னு கேட்டாத்தான.”

அதிலிருந்து தினமும் பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் செருப்பை ஒளித்து வைத்த கதையை அவன் சொன்னான். விளக்குகளில் பூ வரைந்து விற்கத் தனியாக ஒரு கடை வைக்க ஆசை என்று, அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவள் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. “எந்தத் தெருவுல வைக்கலாம்?” என்று கேட்டான். ஊர் இத்தனை சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று அவளுக்கு வருத்தமாக இருக்கும்.

கம்பெனி வாசலில் பழமலை விடமாட்டான். அறிவழகனோடு சூளையில் வேலை பார்ப்பவன். வேகத்தில் அவனுக்குப் போட்டி.

“டேய், நடந்து வந்தவன்லாம் கையெழுத்துப் போட்டு உள்ள போயிட்டான். கல்யாணமானதும் வண்டிக்கும் சேத்துத் தாலி கட்டிட்டியா?”

“எனக்கு என்ன ஆசையாடா?” அறிவழகன் எரிந்து விழுந்தான். “எல்லாம் அந்த அண்ணன் பண்ற வேல. இன்னும் படியலயாம். கட்டவண்டி ஓட்டுறாப்ல இருக்குது. கையெல்லாம் ஊறுது.”

“மூணு மாசமா இதையேதான்டா சொல்ற. இன்னும் எத்தினி நாளைக்கு?”

“நாளைக்குச் சாயந்தரம் அண்ணனப் பாத்து ரெண்டுல ஒண்ணு கேட்டுடுறேன். அப்புறம் பாரு, என் வண்டித் தூசிதான் உனக்கு.”

வண்டியிலிருந்து இறங்கிய மதிவதனி கேட்டுக்கொண்டே நின்றாள். நாளையோடு சரி. மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மறுபடியும் தண்ணி, துண்டு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனாள்.

“வாம்மா. வண்டி எதாச்சும் சத்தம் குடுக்குதா?”

“இல்லண்ணே. நல்லா இருக்குது.” முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “ரிங்கு... படிஞ்சிடுச்சா?”

தங்கதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஏன் கேக்குற?”

“இன்னிக்குச் சாயந்தரம் அவரு வந்து கேப்பாரு. நீங்க இன்னும் கொஞ்ச நாளு மெதுவாவே ஓட்டச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாதான் கேப்பாரு.”

“வேகம்னா பயமா?”

“பயம்தான். ஆனா அதுக்கு இல்ல.” அவளுக்குக் காது சிவந்தது. “மெதுவாப் போனாதாண்ணே நாங்க பேசிக்கிறோம். நான் வந்தேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிடாதீங்க.”

தங்கதுரை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

“ரிங்கு படிஞ்சு ரெண்டு மாசமாச்சும்மா, இனிமே நல்லா முறுக்குடான்னு அன்னிக்கே அவன்கிட்டச் சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையிலகூட போனு போட்டு, ‘பழமலை வந்து கேட்டா இன்னும் படியலன்னே சொல்லுங்கண்ணே, வதனிக்கு மட்டும் தெரிய வேணாம்’னு கெஞ்சினான்.”