ஸ்போர்ட் மோடில் மாப்பிள்ளை பார்த்தது

ஜாதகத்தையும் தரகரையும் நான் நம்புகிறவன் இல்லை. மகளைக் கட்டிக்க வந்த தென்னரசுவோடு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை கரண்டு காரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்றேன். சிறுசுகள் இரண்டும் முன் சீட்டில்; நானும் பொஞ்சாதி பொன்னியும் பின்னால்.

“இன்னா இது, மாட்டு வண்டியாட்டம் எடுக்குது?” என்றேன்.

“இது எக்கோ மோடு. மெதுவாத்தான் எடுக்கும், சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கும். ஸ்போர்ட்ல வச்சா அதே மிதிக்குப் பாயும்” என்று ஸ்டீயரிங் பக்கமிருந்து பதில் வந்தது.

“வாயால சொன்னா ஆச்சா? வச்சிக் காட்டு.”

கூட்டேரிப்பட்டு தாண்டி ரோடு காலியாக இருந்தது. கார் பாய்ந்த பாய்ச்சலில் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பொன்னி என் தொடையைக் கிள்ளினாள்.

“ஏங்க, இந்த வேகத்துக்கு இந்தச் சம்பந்தமும் போயிடும்.”

திண்டிவனத்தில் இறங்கியதும், “மாப்ள, தேதி குறிச்சிடலாம்” என்றேன்.

பொன்னி வாயைப் பிளந்தாள். “யாரையும் சட்டுனு நம்பமாட்டீங்களே?”

“மொதல்ல வந்தவன் கத்தினான். அடுத்தவன் எட்டி ஸ்டீயரிங்கப் புடிச்சான். இவன் ஒருத்தன்தான் சிரிச்சிக்கினு குந்தியிருந்தான்.”

ஓட்டுகிற சீட்டிலிருந்து இறங்கிய என் மகள் சங்கவி, அவனிடம் சாவியை நீட்டினாள்.

“திரும்பும்போது நீங்க ஓட்டுறீங்களா?”